ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்து, டீ குடித்து, வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். பல வருஷமாகக் கேட்டதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டேன் என்று சொல்கிறோமே, அது நிஜத்தில் என்ன? கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் போதகர் அல்ல, வேதத்தைப் படித்ததிலிருந்தும் பட்டதிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

ஒப்புக்கொடுக்கிறேன், ஒப்புக்கொடுக்கிறேன்னு தினமும் ஜெபத்துல சொல்றோம். அப்படின்னா என்னதான் செய்யணும்?

கூட்டமான டவுன் பஸ்ஸில் கனமான பையோடு நிற்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா "குடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்று கையை நீட்டுவார். முன்பின் தெரியாதவர்தான், ஆனாலும் கொடுத்துவிடுவோம். பை அவர் மடிக்குப் போய்விடும். சில பேர் பையைக் கொடுத்த பிறகும் அதன் வாரை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள், கை வலி போகாது. நம்முடைய ஒப்புக்கொடுத்தல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

'விட்டுவிடுவது' வேறு, 'ஒப்புவிப்பது' வேறு. விட்டுவிட்டால் அது தரையில் விழும். ஒப்புவித்தால் வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்" என்று சங்கீதம் 37:5 சொல்கிறது. அங்கே எபிரெயத்தில் இருப்பது 'உருட்டிவிடு' என்ற சொல். தூக்க முடியாத பாரத்தை உருட்டித்தானே தள்ள முடியும்? அதனால் செய்ய வேண்டியது இரண்டுதான். பாரம் எது என்று பெயர் சொல்லிக் கொடுப்பது, அப்புறம் அது இப்படித்தான் முடிய வேண்டும் என்ற பிடியையும் சேர்த்துக் கொடுப்பது. முதலாவதை எல்லாரும் செய்கிறோம், இரண்டாவதில்தான் வார் விரலில் மாட்டிக்கொள்கிறது.

அப்போ நான் ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கணுமா? "அமர்ந்திருங்கள்"னுதானே வசனம் இருக்கு?

இல்லை. சங்கீதம் 46:10 யுத்தத்துக்கும் பூமி அதிர்ச்சிக்கும் நடுவில் வருகிற வசனம், வேலைக்கு விண்ணப்பம் போடாமல் வீட்டில் இருப்பதற்கு அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நெகேமியாவைப் பாருங்கள், எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் மிரட்டுகிறார்கள். அவர் எழுதியது ஒரே வாக்கியம்: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் ஜாமக்காரரை வைத்தோம் (நெகேமியா 4:9). அவருக்கு ஜெபமும் காவலும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சங்கீதம் 127-லும் அப்படித்தான், "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்று தொடங்கும் அதே வசனத்தில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை.

வேலை உங்களுடையது, முடிவு அவருடையது. பரீட்சைக்குப் படிப்பது உங்கள் பங்கு. ரிசல்ட் வருகிற நாள் வரை ஒவ்வொரு விடையையும் மனதுக்குள் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பது உங்கள் பங்கில் வராது.

கவலைப்படுறது பாவமா? ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே வர மாட்டேங்குது.

இதைக் கேட்பவர்கள் ஏற்கெனவே கவலையில் இருப்பார்கள், அதற்கு மேல் "நீங்க கவலைப்படுறதே பாவம்" என்று சொன்னால் ஒன்றுக்கு இரண்டு கவலையாகிவிடும். பவுல் "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதினார். அதே பவுல்தான் எல்லாச் சபைகளைக் குறித்தும் தனக்கு உண்டாயிருக்கிற கவலையைப் பற்றி 2 கொரிந்தியர் 11:28-ல் எழுதுகிறார். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் அடிச்சொல் ஒன்றே. அன்பு இருக்கிற இடத்தில் அக்கறை இருக்கும், அதைக் குற்றமாக நினைக்காதீர்கள். அந்த அக்கறையைத் தனியாகச் சுமப்பதைத்தான் வேண்டாம் என்கிறார். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று பேதுரு எழுதும்போது, கவலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கியபோதும் விட்டுவிட்டு, இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). சரீரம் களைத்துப்போனதை விசுவாசக் குறைவு என்று ஆண்டவர் கணக்கு வைக்கவில்லை.

காலையில ஒப்புக்கொடுக்கிறேன். மத்தியானத்துக்குள்ள நானே திரும்ப எடுத்துக்கிறேன். இது எத்தனை தடவை?

எத்தனை தடவை எடுக்கிறீர்களோ அத்தனை தடவை. ஒரே நாளில் தீர்ந்துபோகிற காரியம் என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், ஒரு கன்வென்ஷனில் முன்னால் போய் முழங்கால் போட்டால் அதோடு முடிந்தது என்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமான மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறிற்று (யாத்திராகமம் 16:20). நேற்றைய நம்பிக்கையும் இன்றைக்கு அப்படித்தான், புதிதாகப் பொறுக்க வேண்டும்.

கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாவமில்லாதவருக்கே அதே ஜெபத்தை மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் முப்பது தடவை செய்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது தேவ சித்தமா, என் சொந்த ஆசையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சீட்டு எழுதிப் போட்டுப் பார்க்கலாமா?

வரன் பார்க்கும்போதும் வீடு வாங்கும்போதும் இந்தச் சீட்டு வந்துவிடும், இரண்டு துண்டுக் காகிதம், ஜெபம், குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் இருப்பது உண்மை. ஆனால் புதிய ஏற்பாட்டில் சீஷர்கள் சீட்டுப்போட்டது யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும்தான், அது அப்போஸ்தலர் 1-ம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்குகிறார், அதற்குப் பிறகு சீட்டுப் பேச்சே கிடையாது. பேசுகிறார்கள், ஜெபிக்கிறார்கள், உபவாசிக்கிறார்கள், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து சீட்டுப் போடுகிற பலர் யோசிக்கிற பாரத்திலிருந்து தப்பத்தான் போடுகிறார்கள், பிடிக்காத சீட்டு வந்தால் மறுபடியும் போடுகிறார்கள்.

வேதம் தெளிவாக வேண்டாம் என்பது தேவ சித்தம் இல்லை. அதில் குழப்பமே வேண்டாம். மற்றதில் விசாரியுங்கள், கணக்குப் போடுங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள், அந்த இரண்டு பேரில் ஒருவராவது உங்களுக்கு மறுத்துப் பேசக்கூடியவராக இருக்கட்டும். பிறகு முடிவெடுத்து, முடிவையும் ஒப்புக்கொடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று அச்சடிக்கிறோமே, அது யாக்கோபு 4:15-லிருந்து வந்தது. மண்டபமும் பிடித்து சமையலுக்கும் சொல்லிவிட்டுத்தான் அதைப் போடுகிறோம், அதுதான் சரியும்கூட.

புது வருஷ ஆராதனையில எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்துச்சு. வருஷம் முடியப்போகுது, எதுவும் நடக்கலையே?

அந்த வசனம் எனக்கும் பிடிக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று இருக்கும். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கும். இது சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான். டிசம்பர் 31-க்குள் என்று ஆண்டவர் அதில் தேதி போடவில்லை. அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம், அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

இன்சூரன்ஸ், சேமிப்பு, பிஎஃப் எல்லாம் வச்சுக்கிறது ஆண்டவரை நம்பாத மாதிரி ஆகாதா?

எகிப்தில் யோசேப்பு வரப்போகிற பஞ்சத்துக்காக ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார், அதுவும் ஆண்டவர் கொடுத்த ஞானம். ஜார்ஜ் முல்லரைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கி, தேவையை யாரிடமும் கேட்காமல் ஜெபத்திலேயே நடத்தியவர். அது உண்மை. அவர் வந்த காசையும் போன காசையும் நுணுக்கமாக எழுதி வருஷாவருஷம் அறிக்கை வெளியிட்டார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்றால் நோட்டில் கணக்கு எழுதாமல் இருப்பது என்று அவர் நினைக்கவில்லை.

லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவானிடம் களஞ்சியம் இருந்ததைவிட, அவன் தன் ஆத்துமாவிடம் பேசின பேச்சுதான் பிரச்சனை: அநேக வருஷங்களுக்கு இருக்கிறது, இனி இளைப்பாறு என்று. பாஸ்புக்கைப் பார்த்தால்தான் நெஞ்சு அமைதியாகிறதா, அதிலிருந்து ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னால் கை வருகிறதா, இந்த இரண்டையும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தினாதான் முழு விசுவாசம்னு ஒரு ஊழியக்காரர் சொன்னார். சுகர் மாத்திரையை நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயுசு என்று ஆண்டவர் வாக்கே கொடுத்துவிட்டார், அதற்கப்புறமும் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னதும் மருந்துதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் பிறகு சிஎம்சி ஆஸ்பத்திரி ஆயிற்று, அங்கே ஜெபமும் நடக்கிறது, ஆபரேஷனும் நடக்கிறது.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனம் சொன்னது யார் என்று நினைத்துப் பாருங்கள், பிசாசுதானே? அதற்கு அவர் சொன்ன பதில், கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக. மாத்திரையைக் கையில் எடுக்கும்போது நன்றி சொல்லிப் போடுங்கள், அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பிள்ளைங்க விஷயத்துல மட்டும் என்னால முடியவே இல்லை. பையன் சபைக்கு வர்றதை நிறுத்திட்டான், போன் பண்ணாலும் எடுக்கிறதில்லை. அவனை எப்படி விடறது?

மற்ற கேள்விகளைக் கேட்பவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள், இதைக் கேட்பவர்கள் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்டு வாங்கின ஒரே பிள்ளையைப் பால் மறந்ததும் சீலோவில் கொண்டுபோய் ஒப்புக்கொடுத்தாள். அதுவும் யாரிடம்? சொந்தப் பிள்ளைகளைச் சரியாக வளர்க்காத ஏலியிடம். அதற்குப் பிறகு 1 சாமுவேல் 2:19-ல் ஒரு வரி வருகிறது, அவள் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள் என்று. பிள்ளை கண்முன் இல்லை, அளவெடுக்க முடியாது. இந்த வருஷம் தோள் எவ்வளவு அகலமாகியிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதிலேயே கணக்குப் போட்டு, கொஞ்சம் பெரிதாகவே தைத்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒப்புக்கொடுத்தவள் நினைப்பதை நிறுத்தவில்லை. சட்டை தைக்கிற வேலையை வைத்துக்கொண்டாள், பிள்ளை எப்படி ஆகப்போகிறான் என்பதைக் கொடுத்துவிட்டாள்.

உங்கள் மகனுக்கும் சட்டை தையுங்கள் என்றுதான் சொல்வேன். பிறந்தநாளுக்குப் பணம் அனுப்புங்கள், பிடித்த ஊறுகாயைக் கொடுத்துவிடுங்கள், "சாப்பிட்டியாப்பா" என்று மெசேஜ் போடுங்கள், அதோடு ஒரு வசனத்தையும் ஒட்டி அனுப்ப வேண்டாம். கூடப் படித்தவனிடம் விசாரிப்பது, ஊர்ப் போதகரை விட்டு அவன் ரூமுக்கு அனுப்புவது, அழுதே அவனை வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது, இதெல்லாம் முதல் பதிலில் சொன்ன பை வார். கெட்ட குமாரனின் தகப்பன் தூரதேசத்துக்கு ஆள் அனுப்பவில்லை. மகன் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டான் என்று இருக்கிறது, அப்படியானால் வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறார். "ஆண்டவர் கையில விட்டுட்டுப் பொறுத்துக்கோம்மா"ன்னு சொல்றாங்க. அதுவும் ஒப்புக்கொடுக்கிறதுதானா?

இல்லைம்மா. உங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறது, அடிக்கிற கைக்கு அல்ல. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பினான், ராத்திரியில் மீகாள் அவனை ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டாள். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கினார்கள். அதே பவுலை வாரினால் கட்டி அடிக்கப் போனபோது, ரோமனை அடிக்கலாமா என்று சட்டத்தைக் கேட்டார். இவர்களில் யாரையும் வேதம் விசுவாசக் குறைவுக்காரர் என்று சொல்லவில்லை.

பத்திரமான இடத்துக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ன் சட்டம் இருக்கிறது. அவருக்காக ஜெபிப்பதை அடி விழாத தூரத்திலிருந்தும் செய்யலாம். பொறுத்துக்கொள் என்று சொல்கிற நம்மவர்களுக்கும் ஒன்று: உங்கள் மகளாக இருந்தால் இதே ஆலோசனையைச் சொல்வீர்களா?

முழுசா ஒப்புக்கொடுத்துத்தான் ஜெபிச்சோம், உபவாசம் இருந்தோம். அவர் போயிட்டார். என் விசுவாசம் பத்தலையா?

அப்படி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது கொடுமை, அவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். தன் சரீரத்தில் 'முள்' என்று பவுல் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி அவர் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. எபிரெயர் 11-ல் சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்கள் இருக்கிற அதே பட்டியலில் வாளால் அறுப்புண்டவர்களும் இருக்கிறார்கள், இரண்டு கூட்டத்துக்கும் விசுவாசம் என்ற ஒரே சான்றுதான். சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று அடுத்த வார்த்தை சொன்னார்கள். நான் அறிந்த மிகப் பெரிய ஒப்புக்கொடுத்தல் அந்த ஒரு வார்த்தைதான்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர். 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார், அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையிலேயே, படுக்கையிலேயே. எத்தனை பிள்ளைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! எழுந்து நடக்கவில்லை. படுத்தபடியே எழுதினார். எழுதத்தான் விழுந்தார் என்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வலி வலிதான். ஆனால் அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று டோனாவூரில் போய் யாரும் சொல்ல முடியாது. உங்களைப் பற்றியும் சொல்லக் கூடாது.

எனக்கு ஆண்டவர் மேல கோபம் கோபமா வருது. இப்படி இருக்கும்போது ஜெபிக்கலாமா?

அதையே ஜெபியுங்கள். சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. சங்கீதம் 88-ல் கடைசி வரை ஆறுதலே கிடையாது, அழுகையிலேயே முடிகிறது. அதையும் ஆண்டவர் நம் வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறார். கோபத்தை மறைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் மட்டும் சொல்வதும் முதல் பதிலில் சொன்ன பிடியில் ஒரு வகைதான், அவர் நம்மைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதையும் நாமே பார்த்துக்கொள்வது.

நம்பிக்கையே வரலை அக்கா. சும்மா வாயால சொல்றேன். இன்னைக்கு ராத்திரி நான் என்னன்னு ஜெபிக்கிறது?

பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு சொன்னதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவனை, போய் முழு விசுவாசத்தோடு வா என்று திருப்பி அனுப்பவில்லை, பையனைச் சுகமாக்கினார். அதோடு ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் கொடுங்கள், எல்லாவற்றையும் வேண்டாம், வீட்டு லோனோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ எது இன்றைக்கு அழுத்துகிறதோ அது. இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அதையே மறுபடியும் கொடுங்கள்.

அன்னாளைப் பற்றி இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பிள்ளை கிடைத்த பிறகு அல்ல, கேட்ட அன்றைக்கே, கையில் ஒன்றும் இல்லாதபோதே, எழுந்துபோய் "போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது. நீங்களும் சாயங்காலத்திலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். ரசம் இருந்தால் சூடு பண்ணி ரெண்டு வாய் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.